வெவஸ்தை கெட்ட கதை

போன தை மாதம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தபோது, ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேனில் வந்து இறங்கினார்கள். வெயில் ஏறியிருந்தது. மண்டபத்தின் சுவர் முழுக்கக் கல்வெட்டு. பிள்ளைகளுக்கு அது தேவைப்படவில்லை, நிழல்தான் தேவைப்பட்டது. வரிசையாகச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். எண்ணெய்க் கையைச் சுவரில் துடைத்த ஒரு பையனைப் பார்த்து டீச்சர் போட்ட சத்தத்தில் கோபுரத்துப் புறாக்கள் கிளம்பிவிட்டன.

"வெவஸ்தை இருக்காடா உனக்கு? ஆயிரம் வருஷத்துக் கல்வெட்டு!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டீச்சர் எந்தச் சொல்லை எடுத்துத் திட்டினாரோ, அந்தச் சொல்தான் அந்தச் சுவரில் வெட்டியிருக்கிறது. பராந்தக சோழன் காலத்தில் இந்த ஊர்ச் சபை கூடித் தீர்மானம் போட்டதைச் சொல்லும்போது, 'வியவஸ்தை செய்தோம்' என்றுதான் எழுதிக்கொண்டது. இன்றைய அரசிதழ் நடையில் சொன்னால், சட்டம் இயற்றினோம் என்று பொருள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் தச்சர் வீட்டுப் பிள்ளை. ஊர், உத்திரமேரூரிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம். படித்துவிட்டு அரசாங்க வேலைக்குப் போய், முப்பத்தைந்து வருஷம் ஆங்கிலச் சட்டங்களைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருந்தேன். வீட்டிலும் சட்டம், ஆபீசிலும் சட்டம். அப்பா இழைத்தது மரச் சட்டம், நான் இழைத்தது காகிதச் சட்டம். இரண்டுக்கும் ஒரே சொல் ஏன் என்று வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்டேன். பக்கத்து மேசைப் பெரியவர், "தம்பி, நமக்குச் சம்பளம் சொல்லுக்கு அர்த்தம் எழுதறதுக்கு, சொல்லு எங்கேந்து வந்ததுன்னு கேக்கறதுக்கு இல்ல" என்றார். ஓய்வு பெற்ற பிறகு அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வெவஸ்தையை எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது எங்கள் ஆயா. அப்பாவைப் பெற்றவள். கால் கழுவாமல் வீட்டுக்குள் வந்தால் வெவஸ்த கெட்டவன். பெரியவர்கள் சாப்பிடுமுன் இலையில் கை வைத்தால் வெவஸ்த கெட்ட ஜென்மம். பங்காளி வீட்டு எழவுக்குப் பளபளவென்று சட்டை போட்டுக்கொண்டு வந்த சித்தப்பாவுக்கு வெவஸ்த மருந்துக்கும் கிடையாது. இந்தச் சொல்லில் ஒரு விசேஷம் உண்டு. 'அவன் வெவஸ்தை உள்ள ஆளு' என்று யாரையும் யாரும் பாராட்டிக் கேட்டதில்லை. எப்போதும் அது இல்லாமல் போன பொருளாகவே பேச்சில் வரும். கெட்டது, இல்லாதது, தெரியாதது. இருக்கிற வெவஸ்தையை யாரும் கண்டதில்லை.

கல்லில் அது இருந்தது.

1898 இல் கல்வெட்டுத் துறை இங்கே படியெடுத்தது. பத்து வருஷத்துக்குள் கல்வெட்டு அறிஞர் வெங்கையா அதைப் பற்றித் தொல்லியல் துறை ஆண்டறிக்கையில் விரிவாக எழுதினார். அதிலிருந்து இந்தச் சுவர் தலைவர்கள் வாயில் அடிபட ஆரம்பித்தது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமப் பஞ்சாயத்து பற்றிய விவாதத்தில் டி. பிரகாசம் இந்த ஊரைச் சொன்னார். 2020 டிசம்பரில் புது நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய மேடையிலும் இந்த ஊர் பேர் ஒலித்தது. எல்லோரும் குடத்தில் ஓலை போட்டு ஆள் எடுத்த குடவோலையைத்தான் பேசுகிறார்கள். நானும் அதில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் ஒரு சட்டம் எப்படிப் பிறந்து, எப்படித் திருத்தப்பட்டது என்பதை அந்த வேலையே பார்த்த கண்ணோடு படித்தால் இன்னொரு கதை தெரிகிறது.

சுவரில் இரண்டு வியவஸ்தை உண்டு. ஒன்று பராந்தகனின் 12 ஆவது ஆட்சியாண்டு, கி.பி. 919. மற்றது 14 ஆவது ஆண்டு, 921. முதல் சட்டத்தில் வாரிய உறுப்பினருக்கு வயது 30 க்கு மேல், 60 க்குள். இரண்டாவதில் 35 க்கு மேல், 70 க்குள். இரண்டே வருஷத்தில் திருத்தச் சட்டம்! முப்பத்திரண்டு வயதில் வாரியத்தில் உட்கார்ந்திருந்த ஒருவன் அடுத்த குடத்தில் தன் ஓலை விழாமல் போனதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பான் என்று நினைத்துப் பார்ப்பேன். அறுபதைத் தாண்டிய பெரியவர்கள் யாரோ சபையில் பலமாகப் பேசியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். திருத்தங்கள் யாருக்காக வருகின்றன என்பதில் எனக்கு முப்பத்தைந்து வருஷப் பழக்கம் உண்டு.

தகுதிகளைப் பாருங்கள். இறை கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் சொந்தமாக இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வேதம் தெரிய வேண்டும். ஒரு வேதத்தோடு நான்கு பாஷ்யத்தில் ஒன்றையும் கற்றவனாக இருந்தால் அரைக்கால் வேலி போதும். இதற்கு எங்கள் ஆபீசில் 'வரம்புரை' என்று பேர். ஆங்கிலத்தில் 'ப்ரொவைடட் தட்' என்று ஆரம்பிக்கும் வாக்கியம். பொது விதியைச் சொல்லிவிட்டு, ஆனால் இன்னார்க்கு மட்டும் இப்படி என்று கதவில் சின்னத் திட்டிவாசல் வைப்பது. 921 இலேயே திட்டிவாசல் வைக்கத் தெரிந்திருக்கிறது.

யார் நிற்கக் கூடாது என்ற பகுதிதான் எனக்குப் பிடித்தது. முன்பு வாரியம் பார்த்துக் கணக்குக் காட்டாதவன் கூடாது. அவனோடு நிற்கவில்லை. அவனுடைய சிற்றன்னை பெரியன்னை பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன், மாமனார் என்று உறவுமுறை வரிசையாக இறங்குகிறது. கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுவதுபோலச் சட்டத்தில் போட்டிருக்கிறார்கள். கணக்கை விழுங்கியவன் அடுத்த வருஷம் மச்சினனை நிறுத்துவான் என்பது தெரிந்தவர்கள் எழுதிய வாசகம் அது. கள்ளக் கையெழுத்து, கள்ள ஓலை செய்தவனும் கூடாது. அதற்குக் கூடலேகை என்று பெயர். கழுதை மேல் ஏற்றப்பட்டவனும் கூடாது.

பிறகு குடம். ஊரில் 30 குடும்பு. இன்றைக்கு வார்டு என்கிறோமே, அது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர் பெயரை ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டிக் குடத்தில் போடுவார்கள். சபையில் சின்னவர் பெரியவர் அத்தனை பேரும் கூடியிருக்க, அர்ச்சகர்களில் மூத்தவர் குடத்தை எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை அவிழ்த்து வேறு குடத்தில் போட்டுக் குலுக்கி, மறுபடி அவனே ஒரு ஓலை எடுப்பான். அதை மத்தியஸ்தன் வாங்க வேண்டும். எப்படி வாங்க வேண்டும் என்பதையும் எழுதியிருக்கிறார்கள்: ஐந்து விரலும் விரிய, உள்ளங்கையில். விரலிடுக்கில் ஏற்கனவே ஒரு ஓலையை மறைத்து வைத்திருக்கக் கூடாது அல்லவா! ஒரு காலத்தில் யாரோ ஒருவர் மறைத்து வைத்திருந்திருக்கிறார். அது இல்லாமல் இந்த ஐந்து விரல் சட்டத்துக்குள் வந்திருக்காது. சட்டத்தில் வரும் ஒவ்வொரு விசித்திரமான சொல்லுக்கும் பின்னால் ஒரு கைகாரன் இருப்பான் என்பது எங்கள் தொழிலில் தெரிந்த விஷயம்.

இப்படி வந்த 30 பேரில், முன்பே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் பார்த்தவர்கள், படித்தவர்கள், வயதானவர்கள் என்று 12 பேர் சம்வத்சர வாரியம். மீதியில் 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பொன்னுக்கும் பஞ்சவாரத்துக்கும் தனித்தனி வாரியம். பதவி 360 நாள். ஏரி வாரியம் சும்மா பேருக்கு வைத்தது அல்ல. பல்லவர் காலத்து வைரமேகத் தடாகம் என்ற பெரிய ஏரிதான் இந்த ஊருக்குச் சோறு. இவ்வளவையும் சபை சொல்லச் சொல்ல, மத்தியஸ்தன் சிவக்குறி இராசமல்லமங்கலப்பிரியன் என்பவர் எழுதினார். துஷ்டர் கெட்டுச் சிஷ்டர் தழைக்க இந்த வியவஸ்தை என்று காரணமும் சொல்லி வைத்தார்கள். எழுதியவர் அவர், உளி பிடித்து வெட்டியவர் எங்கள் பங்காளி வகை. கல்தச்சர், மரத்தச்சர், கொல்லர், கன்னார், தட்டார் எல்லாம் ஒரு கொடிதானே.

எங்கள் பங்காளி வெட்டினாரே தவிர, அந்தக் குடத்தில் அவர் பெயர் விழாது. கால் வேலி இல்லை, வேதம் இல்லை. சதுர்வேதிமங்கலத்துப் பிராமணச் சபை அது. இதைச் சொல்லாமல் குடவோலையை ஜனநாயகம் என்று மேடையில் முழங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அலுப்பு வரும். சொல்லிவிட்டு, அந்த ஐந்து விரலுக்காக ஒரு கும்பிடும் போடலாம் என்பது என் கட்சி.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். அந்த ஒரே சுவரில் இருந்து கிளம்பிய சொற்கள் என்ன ஆயின என்று பாருங்கள். சபை நன்றாகப் பிழைத்துக்கொண்டது. கிராம சபையும் ஆனது, சங்கீத சபாவும் ஆனது. வாரியம் நெடுங்காலம் தூங்கிக் கிடந்து, பிறகு சர்க்கார் உத்தியோகத்தில் சேர்ந்துவிட்டது. மின்சார வாரியம், குடிநீர் வாரியம், வீட்டு வசதி வாரியம். மத்தியஸ்தம், அண்ணன் தம்பி சொத்துச் சண்டையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. வியவஸ்தை மட்டும்தான் சமையல்கட்டுக்குப் போனது. மலையாளத்தில் அது இன்றைக்கும் ஒப்பந்தத்தின் நிபந்தனை, நிர்வாகத்தின் ஏற்பாடு. கன்னடத்திலும் இந்தியிலும் ஒழுங்கு, அமைப்பு என்று மரியாதையோடு நடமாடுகிறது. தமிழில் மட்டும் ஆயாக்களின் கையில் சிக்கி, பேரப்பிள்ளைகளை அடிக்கிற விளக்குமாறு ஆனது.

ஏன் இப்படி? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். சபைகள் மங்கிப்போனபோது வியவஸ்தை செய்கிற ஆள் போய்விட்டார். செய்வார் இல்லாத சொல் வேறு என்ன செய்யும்? மீறினால்தான் அது நினைவுக்கு வரும். ஒரு வேலி அழிந்த பிறகும், மாடு இடம் தாண்டினால் 'வேலி தாண்டுது' என்று கத்துவதைப் போல. ஆயாவின் வெவஸ்தையில் கால் வேலி நிலம் கிடையாது, நான்கு பாஷ்யம் கிடையாது. யார் எப்போது எங்கே எதைச் செய்யலாம் என்ற ஒழுங்கு மட்டும் மிஞ்சியிருந்தது. அந்த அளவில் அவள் சொன்னதும் சபை சொன்னதும் ஒன்றுதான்.

உத்திரமேரூருக்கும் முந்திய ஒரு வியவஸ்தை தெற்கே உண்டு. திருநெல்வேலிக்கு வடக்கே மானூர். அங்கே கோயில் தூண் ஒன்றில் வட்டெழுத்தில் இருக்கிறது. மாறஞ்சடையன் காலம், ஏறக்குறைய கி.பி. 800. அந்தச் சபையில் யார் பேசலாம் என்று விதிகள் செய்துவிட்டு ஒரு சங்கதி சேர்த்திருக்கிறார்கள். எடுத்த காரியத்துக்கெல்லாம் 'அன்று, அன்று' என்று குத்துக்கால் செய்கிறவர்களுக்கு 5 காசு தண்டம். குத்துக்கால் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. ஓட்டு வீட்டுக் கூரையில் விட்டத்தின் நடுவே செங்குத்தாக நின்று மோட்டு வளையைத் தாங்கும் மரத்துக்கு எங்கள் வீட்டில் குத்துக்கால் என்றுதான் பேர். அசையாது. அது அசைந்தால் கூரையே கிடையாது. சபையில் ஒருவர் அப்படி நின்றால் மட்டும் தண்டம்! இன்றைக்குச் சட்டப்பேரவையில் பேரவைத் தலைவர், ஏற்போர் 'ஆம்' என்க, மறுப்போர் 'இல்லை' என்க என்று கேட்கிறார். 'இல்லை' என்பதற்குக் காசு கேட்பதில்லை. ஆயிரத்து இருநூறு வருஷத்தில் இது ஒரு முன்னேற்றம்.

எங்கள் வகையறாவைப் பற்றியே ஒரு சட்டம் உண்டு. அது சபை செய்தது அல்ல, மேலிருந்து வந்தது. கருவூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்குக் கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்தோடு வந்த ஆணை. ஆட்சியாண்டு 15, ஆடி மாதம் முதல் நடைமுறை. நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம், வெளியே போகும்போது காலுக்குச் செருப்புப் போட்டுக்கொள்ளலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். அவ்வளவுதான் ஆணை. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊராருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்தவன் தன் வீட்டுக்குச் சாந்து பூச அரசன் ஓலை வேண்டியிருந்திருக்கிறது. மொழிபெயர்ப்பில் 'ஷல்' என்றால் 'வேண்டும்', 'மே' என்றால் 'லாம்' என்பது முதல் பாடம். இந்த ஆணை முழுக்க 'லாம்'.

கம்பெனி வந்தபோது சட்டத்துக்குப் புதுப் பேர் வந்தது. 1802 இல் சென்னையில் வரிசையாக ரெகுலேஷன்கள் வெளியாயின. 25 ஆவது ரெகுலேஷனில்தான் ஜமீன்களுக்கு நிரந்தர நிலவரி வந்தது. 1833 சாசனத்துக்குப் பிறகு சென்னைக்குச் சொந்தமாகச் சட்டம் செய்யும் அதிகாரம் போய், கல்கத்தாவில் செய்ததற்கு 'ஆக்டு' என்று பேர் ஆனது. 1861 இல் அதிகாரம் திரும்பி வந்தது. ஊர் நாக்கு இந்த ஆக்டை எடுத்துக்கொண்ட விதம் வேறு. வயிற்றுவலி என்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிறவனைப் பார்த்து 'ஆக்ட் கொடுக்காத' என்கிறோம். 'ரூல்' என்பது நோட்டில் கோடு போடுகிற உருட்டுத் தடி. போலீஸ்காரர் கையிலும் ரூல்தடி. அதுவும் தச்சர் கடைசல்தான்.

நடுவில் மசோதா வந்து சேர்ந்தது. அரபியிலிருந்து உருது வழியாக வந்த சொல். கறுப்பு என்ற வேரிலிருந்து பிறந்தது. கறுப்பாக்கியது, அதாவது மை படிந்த நகல் வரைவு. அடித்தல் திருத்தலோடு காகிதம் கறுத்துக் கிடக்குமே, அந்தக் கட்டம். இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் கண்டதில்லை. பேரவையில் இப்போது 'சட்டமுன்வடிவு' என்கிறார்கள். நானும் ஆயிரக்கணக்கான தடவை அப்படியே எழுதினேன். ஆனால் என் மேசையில் சிவப்பு, பச்சை, நீல மை மூன்றும் மேய்ந்த தாளைப் பார்க்கும்போது மனசுக்குள் அதை மசோதா என்றுதான் சொல்லிக்கொள்வேன்.

சபைக்கே பேர் மாறிக்கொண்டு வந்தது. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்திரிகைகள் 'சட்ட நிரூபண சபை' என்று எழுதின. பிறகு சட்டசபை, சட்டமன்றம், சட்டப்பேரவை. எல்லாப் பெயரிலும் சட்டம் என்ற மரத்துண்டு அசையாமல் நிற்கிறது.

இந்தச் சட்டம்தான் என்னைக் கடைசிவரை விடவில்லை. அப்பா கதவு செய்யும்போது முதலில் சட்டத்தைத்தான் இழைப்பார். நெடுக்கில் இரண்டு, குறுக்கில் மூன்று. ஓரத்தில் காடி எடுத்து, அதற்குள் பலகையைச் செருகுவார். மூலைமட்டம் வைத்துப் பார்ப்பார். ஒரு கண்ணை மூடி, சட்டத்தைத் துப்பாக்கி மாதிரி தூக்கி நீட்டிப் பார்ப்பார். "பலகை கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம். சட்டம் முறுக்கிக்கிச்சின்னா கதவு வாழ்நாளு முழுக்க இடிக்கும்" என்பார். ஈர மரத்தில் சட்டம் போடமாட்டார். பூவரசோ வேம்போ, அறுத்து ஆறு மாசம் நிழலில் கிடந்தாக வேண்டும். அவசரப்படுகிறவர்களிடம், "பொண்ணு கல்யாணத்துக்கு அவசரப்படு, கதவுக்கு அவசரப்படாத" என்பார். அவசரச் சட்டங்களை மொழிபெயர்க்கிற இரவுகளில் இந்த வாக்கியம் காதில் கேட்கும். பேரவை கூடிய ஆறு வாரத்தில் காலாவதியாகும் ஈர மரம்!

சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியை எடுத்துப் பார்த்தால் சட்டம் என்ற தலைப்பில் மரச் சட்டமும் இருக்கிறது, ஒழுங்கும் இருக்கிறது, திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுதிக் கொடுக்கும் மாதிரி எழுத்தும் இருக்கிறது. வாத்தியார் ஓலையில் ஒரு வரி எழுதுவார். பிள்ளை அதைப் பார்த்து அப்படியே எழுத வேண்டும். அந்த வரி சட்டம். வாத்தியார் வெளியே போனால் பிள்ளைகளை மேய்ப்பவன் சட்டாம்பிள்ளை. கேரளத்துச் சட்டம்பி சுவாமிகளுக்கும் அந்தப் பேர் வந்தது பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளையாக இருந்ததால்தான். வகுப்பு போய்விட்டது, 'சட்டாம்பிள்ளைத்தனம்' மட்டும் இன்னும் எல்லா ஆபீசிலும் உண்டு.

ஆக, மரமோ எழுத்தோ, சுற்றிலும் நின்று உள்ளிருப்பதை நேராக நிறுத்துவதற்குச் சட்டம் என்று பேர். வேலையில் சேர்ந்த புதிதில் ஆங்கிலக் கோப்பு ஒன்றில் 'ரூல்ஸ் ஃப்ரேம்' செய்வது பற்றி ஒரு குறிப்பு வந்தது. விதிகளை 'ஃப்ரேம்' செய்வார்களாம். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். வெள்ளைக்காரனும் தச்சன்தானா! அன்று சாயங்காலம் ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் பீடியை அணைத்துவிட்டு, "பின்ன? மரம் எல்லா ஊருலயும் மரந்தான" என்றார். அவருக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

'இயற்று' என்ற வினைதான் எனக்குக் கொஞ்சம் அந்நியமாக இருந்தது. சட்டம் இயற்றினார்கள், கவிதை இயற்றினார்கள். இவை இரண்டையும் தவிர யாரும் எதையும் இயற்றுவதில்லை. சாம்பார் இயற்றினேன் என்று சொல்லிப் பாருங்கள். ஆனால் சொல்லின் உள்ளே பார்த்தால் எளிமையானது. இயல்வது என்றால் நடப்பது, முடிவது. இயற்றுவது என்றால் நடக்கும்படி, முடியும்படி செய்வது. வள்ளுவர் உலகத்தைப் படைத்தவனைச் சொல்லவும் இந்த வினையைத்தான் எடுத்தார், அதுவும் அவனைச் சபிக்கிற இடத்தில். ஆங்கிலத்து 'லெஜிஸ்லேட்டர்' லத்தீனிலிருந்து வந்தவர். சட்டத்தைக் கொண்டுவருகிறவர் என்று பொருள். மக்கள் முன்னால் எடுத்து வந்து வைப்பவர். நம் டீக்கடையில், "புதுசா ஒரு சட்டம் கொண்டாந்துட்டான்" என்பதும் அதேதான். ரோமாபுரிக்காரன் சொன்னதை டீக்கடைக்காரர் லத்தீன் படிக்காமலேயே சொல்கிறார். 'சட்டம் போட்டான்' என்றும் சொல்வோம். கோலம் போடுவது, தாழ்ப்பாள் போடுவது, சண்டை போடுவது எல்லாவற்றுக்கும் உதவுகிற 'போடு'. வீட்டுக்கு வீடு சட்டம் போடுகிறவர் ஒருத்தர் உண்டு. 'எங்கிட்ட சட்டம் பேசாத' என்கிறவரும் ஒருத்தர் உண்டு. இயற்று அரசிதழிலேயே தங்கிவிட்டது. சட்டத்தின் தலைப்பில் 'இயற்றப்படுவதாகுக' என்பது மாதிரி ஒரு வியங்கோள் வரும். தட்டச்சு செய்கிற அம்மா அதைப் படிக்கும்போதெல்லாம், "சார், சாமி வரம் கொடுக்கற மாதிரியே இருக்கு" என்பார்.

எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு சட்டம் வந்து நுழைந்த கதையைச் சொல்லி முடிக்கிறேன்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் 1954 இல் கல்யாணம். அப்பா அப்போது பெரியார் கூட்டங்களுக்கு மேடைப் பலகை அடித்துக் கொடுப்பவர்; கூலியும் வாங்கமாட்டார், மேடையை விட்டும் நகரமாட்டார். அதனால் சுயமரியாதைக் கல்யாணம். ஐயர் இல்லை, அக்கினி இல்லை. மாலை மாற்றி, நாலு பேர் பேசி, சாப்பாடு. ஆயா அன்றைக்குப் பூராவும் சமையல்கட்டை விட்டு வெளியே வரவில்லை. அந்த வருஷங்களில் அப்படிப்பட்ட கல்யாணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றத்திலேயே ஒரு தீர்ப்பு இருந்தது. சடங்கு இல்லை, ஆகவே இந்துத் திருமணம் இல்லை. அப்பாவுக்கு அது தெரியுமோ தெரியாதோ. தெரிந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்கமாட்டார். எனக்கு வயது ஒன்று, அடுத்த தங்கை, அதற்கடுத்த தம்பி என்று வீடு நிறைந்துகொண்டிருந்தது.

1967 இல் அண்ணா முதலமைச்சராகி, இந்துத் திருமணச் சட்டத்தில் 7 ஏ என்று ஒரு பிரிவைச் சேர்க்கும் திருத்தம் நிறைவேறியது. 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் மாற்றியோ தாலி கட்டியோ செய்த கல்யாணம் செல்லும். இனிமேல் செய்வது மட்டும் அல்ல. இதற்கு முன் செய்ததும், செய்த அன்றிலிருந்தே செல்லுபடியானதாகக் கொள்ளப்படும். பின்னாளில் இந்தக் 'கொள்ளப்படும்' என்ற சொல்லை எத்தனையோ சட்டங்களில் எழுதியிருக்கிறேன். நடந்த காலத்துக்குள் கையை விட்டு, நடக்காத ஒன்றை நடந்ததாக நட்டு வைக்கிற சொல். கடவுளுக்கும் சட்டமன்றத்துக்கும் மட்டும்தான் அது முடியும்.

அந்தச் செய்தி வந்த அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பட்டறையில் பத்திரிகையை நான்தான் படித்துக் காட்டினேன். எனக்குப் பதின்மூன்று வயசு. அப்பாவிடம் வேலை பழகிக்கொண்டிருந்த பையன்கள் இரண்டு பேரும் கை தட்டினார்கள். அம்மா கதவோரம் நின்று, முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். ஆயா திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். காது கொஞ்சம் மந்தம். இரண்டாம் தடவை உரக்கப் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"அப்போ இத்தினி நாளா இதுங்க ரெண்டுக்கும் கண்ணாலமே ஆவலியா?"

"ஆச்சு ஆயா. ஆனா சட்டப்படி இப்பதான் ஆவுது. அன்னிக்கே ஆனதா வச்சிக்கணும்னு சட்டம் போட்டிருக்காங்க."

ஆயா உலக்கையைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள், கதவோரம் நின்ற மருமகளைப் பார்த்தாள், மூக்கு ஒழுகிக்கொண்டு நின்ற என் தம்பியைப் பார்த்தாள்.

"மூணு புள்ள பெத்தப்பொறம் வந்து கண்ணாலம் ஆச்சின்னுது. வெவஸ்த கெட்ட கவருமெண்ட்டு."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இழைப்புளியைக் கவிழ்த்துச் சுருளைத் தட்டிவிட்டு, ஒரு கண்ணை மூடி, கையில் இருந்த சட்டத்தை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.